ஒரு முறை போதாதபோது: பகுதித் தொகையிடலைத் தொடர்ந்து பயன்படுத்துதல்

பகுதித் தொகையிடல் சூத்திரம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

∫ 𝑢 𝑑𝑣 = 𝑢𝑣 − ∫ 𝑣 𝑑𝑢

இந்தச் சூத்திரம் நேரடியாக விடையைத் தருவதில்லை. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இன்னொரு தொகையைக் கையில் கொடுக்கிறது. வந்த தொகை கொடுத்ததைவிட எளிதாக இருந்தால் நமக்கு லாபம். 𝑥 𝑒^𝑥 போன்ற கணக்கில் ஒரே மாற்றில் வேலை முடிந்துவிடும். 𝑥² சைன் 𝑥, 𝑒^(2𝑥) காஸ் 3𝑥, சைன்⁶ 𝑥 என்று வரும்போது, மாற்றிக் கிடைத்ததையும் மீண்டும் மாற்ற வேண்டியிருக்கும். மாணவர்கள் சோர்ந்துபோகும் இடம் இது. இரண்டு பக்கம் எழுதி முடித்தபின் நடுவில் எங்கோ ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருப்பதைத் தேடுவது யாருக்குமே அலுப்பான வேலை.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். பேனாவை எடுக்குமுன், ‘இந்தக் கணக்கு எப்படி முடியப்போகிறது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து பகுதித் தொகையிடும்போது நடக்கக்கூடியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஒரு காரணி வகையிட வகையிடத் தேய்ந்து பூச்சியமாகிவிடலாம். தொடங்கிய தொகையே திரும்பி வந்து நிற்கலாம். அதே உருவத்தில், படி மட்டும் குறைந்து வரலாம். முடிவே இல்லாமல் நீளவும் செய்யலாம். எது நடக்கும் என்று முன்பே தெரிந்துவிட்டால், எத்தனை சுற்று வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

தேய்ந்து முடியும் கணக்குகள்

∫ 𝑥² சைன் 𝑥 𝑑𝑥 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். 𝑥²-ஐ வகையிட்டால் 2𝑥, மறுபடி வகையிட்டால் 2, மறுபடி வகையிட்டால் 0. சைன் 𝑥-ஐ எத்தனை முறை தொகையிட்டாலும் அது சிக்கலாவதில்லை. சைன், காஸ் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே 𝑥²-ஐ வகையிடும் பக்கத்திலும் சைன் 𝑥-ஐத் தொகையிடும் பக்கத்திலும் வைத்தால் இரண்டே சுற்றில் வேலை முடியும் என்பது எழுதுவதற்கு முன்பே தெரிகிறது.

முதல் சுற்று: ∫ 𝑥² சைன் 𝑥 𝑑𝑥 = −𝑥² காஸ் 𝑥 + ∫ 2𝑥 காஸ் 𝑥 𝑑𝑥

இரண்டாவது சுற்றில் ஓர் எச்சரிக்கை. முதல் சுற்றில் எந்தக் காரணியை வகையிட்டீர்களோ, அதன் வாரிசையே மறுபடியும் வகையிட வேண்டும். மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. காஸ் 𝑥-ஐ வகையிட்டு 2𝑥-ஐத் தொகையிட்டால், ∫ 2𝑥 காஸ் 𝑥 𝑑𝑥 = 𝑥² காஸ் 𝑥 + ∫ 𝑥² சைன் 𝑥 𝑑𝑥 என்று வரும். இதை முதல் வரியில் போட்டால் −𝑥² காஸ் 𝑥-உம் +𝑥² காஸ் 𝑥-உம் அடிபட்டு, ∫ 𝑥² சைன் 𝑥 𝑑𝑥 = ∫ 𝑥² சைன் 𝑥 𝑑𝑥 என்று நிற்கும். எழுதியதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். முதல் சுற்றில் செய்ததை இரண்டாம் சுற்று அப்படியே அவிழ்த்துவிட்டது. பாதைகளை மாற்றாமல் போனால் கிடைக்கும் விடை இது:

−𝑥² காஸ் 𝑥 + 2𝑥 சைன் 𝑥 + 2 காஸ் 𝑥 + 𝐶

எதை வகையிடுவது என்பதற்கு ‘ஐலேட்’ என்ற நினைவுக் குறிப்பை வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நேர்மாறு முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி என்ற வரிசையில் எது முதலில் வருகிறதோ அதை 𝑢 என்று கொள்ள வேண்டும். முதல் இரண்டும் இடம் மாறிய வடிவத்தை ஹெர்பர்ட் கசூப் 1983-இல் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி’ இதழில் எழுதினார். பெரும்பாலான கணக்குகளுக்கு இது கைகொடுக்கும். ஆனால் ∫ 𝑥³ 𝑒^(𝑥²) 𝑑𝑥 என்ற கணக்கில் விதிப்படி 𝑥³-ஐ வகையிடப் போனால், 𝑒^(𝑥²)-ஐத் தொகையிட வேண்டிவரும். அதற்கு நமக்குத் தெரிந்த சார்புகளில் விடையே கிடையாது. 𝑥³-ஐ 𝑥² × 𝑥 என்று பிரித்து, 𝑥 𝑒^(𝑥²)-ஐ ஒரே துண்டாகத் தொகையிடும் பக்கம் வைத்தால் ஒரே சுற்றில் ½ 𝑒^(𝑥²)(𝑥² − 1) + 𝐶 வந்துவிடும். ஆகவே நினைவுக் குறிப்பை மனதில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ‘தொகையிட வேண்டியதை என்னால் தொகையிட முடியுமா?’ என்பதையே முதலில் பாருங்கள்.

அட்டவணை போடுங்கள்

மூன்று சுற்றுக்கு மேல் போகும் கணக்கை வரி வரியாக எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் கழித்தல் குறி என்று போனால் பிழை வராமலிருப்பதுதான் ஆச்சரியம். அட்டவணை போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ∫ 𝑥³ 𝑒^(2𝑥) 𝑑𝑥-க்கு அட்டவணை இப்படி இருக்கும்:

குறி | வகையிடும் பத்தி | தொகையிடும் பத்தி
+ | 𝑥³ | 𝑒^(2𝑥)
− | 3𝑥² | 𝑒^(2𝑥)/2
+ | 6𝑥 | 𝑒^(2𝑥)/4
− | 6 | 𝑒^(2𝑥)/8
+ | 0 | 𝑒^(2𝑥)/16

நடுப் பத்தியில் உள்ள ஒவ்வொன்றையும், வலப் பத்தியில் அதற்கு ஒரு படி கீழே உள்ளதோடு சாய்வாகப் பெருக்க வேண்டும். குறி, நடுப் பத்தி உறுப்பு நிற்கும் வரிசையின் குறி. 𝑥³-ஐ 𝑒^(2𝑥)/2-உடன், 3𝑥²-ஐ 𝑒^(2𝑥)/4-உடன் என்று பெருக்கிக்கொண்டே வந்தால்,

𝑒^(2𝑥) (𝑥³/2 − 3𝑥²/4 + 3𝑥/4 − 3/8) + 𝐶

என்று விடை வரும். மாறிலியைக் கடைசியில் ஒரு தடவை போட்டால் போதும். ஒவ்வொரு படியிலும் வேண்டாம். விடையை வகையிட்டுச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகும். அடைப்பை 2-ஆல் பெருக்கினால் 𝑥³ − 3𝑥²/2 + 3𝑥/2 − 3/4. அடைப்பை வகையிட்டால் 3𝑥²/2 − 3𝑥/2 + 3/4. கூட்டினால் 𝑥³ மட்டும் மிஞ்சுகிறது. இந்த அரை நிமிடத்தை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் இதுவே பெர்னோலி சூத்திரம் என்ற பெயரில் இருக்கிறது: 𝑢𝑣 − 𝑢′𝑣₁ + 𝑢″𝑣₂ − … என்று நீளும். 𝑢-வின் மேல் உள்ள கோடுகள் வகையிட்ட தடவைகளையும், 𝑣-யின் கீழ் உள்ள எண்கள் தொகையிட்ட தடவைகளையும் குறிக்கின்றன. யோகான் பெர்னோலி 1694-இல், லைப்சிக்கிலிருந்து வெளிவந்த ‘ஆக்டா எருடிடோரம்’ இதழில் இதன் ஒரு வடிவத்தை முடிவிலாத் தொடராக வெளியிட்டார். 1988-இல் வந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அட்டவணை நினைவிருக்கும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் நுண்கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலாந்தேயின் கதை அது. கரும்பலகையில் அவர் இதைத்தான் போட்டுக் காட்டுவார்.

அட்டவணையைப் பற்றிப் பல நூல்கள் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. இந்த அத்தியாயத்தின் மீதிப் பாதி முழுவதும் அதை நம்பியே நிற்கிறது. பூச்சியம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த வரிசையிலும் நிறுத்தலாம். நிறுத்திய வரிசையில் உள்ள இரண்டையும் நேர்க்கோட்டில், அதாவது இடமிருந்து வலமாகப் பெருக்கி, அந்த வரிசையின் குறியோடு தொகைக் குறிக்குள் போட்டால் அதுவே மிச்சத் தொகை. மேலே உள்ள கணக்கில் மூன்றாவது வரிசையோடு நிறுத்தினால், இரண்டு சாய்வுப் பெருக்கங்களும் + ∫ 6𝑥 · 𝑒^(2𝑥)/4 𝑑𝑥 என்ற மிச்சமும் இருக்கும். கடைசி வரிசையில் பூச்சியம் வந்தபோது மிச்சத் தொகையும் பூச்சியமானது. கணக்கு முடிந்ததற்குக் காரணம் அதுதான்.

எல்லைகள் இருந்தால்

வரையறுத்த தொகையில் அட்டவணை இன்னும் சுருக்கமாகும், ஏனென்றால் எல்லைகளைப் போட்டவுடன் பல உறுப்புகள் உதிர்ந்துவிடும். பொறியியல் மாணவர்கள் ஃபூரியர் தொடர் படிக்கும்போது இதை அன்றாடம் பார்ப்பார்கள். 𝑥² என்ற சார்புக்கு −π முதல் π வரை ஃபூரியர் கெழுக்களைக் காண, (2/π) ∫ 𝑥² காஸ் 𝑛𝑥 𝑑𝑥 என்பதை 0 முதல் π வரை கணக்கிட வேண்டும். அட்டவணையிலிருந்து கிடைப்பது:

𝑥² · (சைன் 𝑛𝑥)/𝑛 + 2𝑥 · (காஸ் 𝑛𝑥)/𝑛² − 2 · (சைன் 𝑛𝑥)/𝑛³

𝑛 முழு எண் என்பதால் சைன் உள்ள உறுப்புகள் இரண்டு எல்லைகளிலும் பூச்சியம். நடு உறுப்பு 0-இல் பூச்சியம், π-இல் 2π(−1)^𝑛/𝑛². ஆகவே கெழு 4(−1)^𝑛/𝑛². மாறிலி உறுப்பு π²/3 என்று தனியே வரும். இப்போது தொடரில் 𝑥 = π என்று போட்டுப் பாருங்கள்: π² = π²/3 + 4(1 + 1/4 + 1/9 + 1/16 + …). அதாவது 1 + 1/4 + 1/9 + 1/16 + … = π²/6. ஆய்லர் 1730-களில் வேறு வழியில் கண்டுபிடித்து ஐரோப்பாவையே வியக்க வைத்த முடிவு இது. நமக்கு மூன்று வரி அட்டவணையிலிருந்து கிடைத்துவிட்டது.

அட்டவணை தேயாதபோது

மடக்கையை வகையிட்டால் 1/𝑥, பிறகு −1/𝑥², பிறகு 2/𝑥³. ஒருநாளும் பூச்சியம் ஆகாது. (இந்த நூலில் லாக் என்று வருவதெல்லாம் 𝑒 அடிமானம் கொண்டது.) ∫ (லாக் 𝑥)² 𝑑𝑥-க்கு அட்டவணையில் இரண்டு வரிசை போட்டதும் நிறுத்துங்கள்:

+ | (லாக் 𝑥)² | 1
− | 2 (லாக் 𝑥)/𝑥 | 𝑥

இரண்டாம் வரிசையை நேர்க்கோட்டில் பெருக்கினால் 𝑥-உம் 1/𝑥-உம் அடிபட்டு, மிச்சத் தொகை −∫ 2 லாக் 𝑥 𝑑𝑥 ஆகிறது. படி ஒன்று குறைந்திருக்கிறது. இங்கிருந்து புதிய அட்டவணை தொடங்க வேண்டும். பழையதையே நீட்டக் கூடாது. விடை 𝑥(லாக் 𝑥)² − 2𝑥 லாக் 𝑥 + 2𝑥 + 𝐶.

நேர்மாறுச் சார்புகளில் இன்னொரு உத்தி இருக்கிறது. 𝑣-ஐக் காணும்போது அதோடு எந்த மாறிலியையும் சேர்த்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. வழக்கத்தால் பூச்சியம் என்று வைக்கிறோம், அவ்வளவுதான். ∫ 𝑥 டேன்⁻¹ 𝑥 𝑑𝑥-இல் 𝑥-ஐத் தொகையிட்டு 𝑥²/2 என்று வைத்தால், மிச்சத்தில் 𝑥²/(1 + 𝑥²) வந்து தனியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் (𝑥² + 1)/2 என்று வையுங்கள். வகையிட்டால் அதுவும் 𝑥 தான். இப்போது மிச்சத் தொகை வெறும் −∫ ½ 𝑑𝑥. விடை ½(𝑥² + 1) டேன்⁻¹ 𝑥 − 𝑥/2 + 𝐶. இதை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் பழைய வழிக்குத் திரும்ப மாட்டார்கள்.

திரும்பி வரும் தொகை

∫ 𝑒^(2𝑥) காஸ் 3𝑥 𝑑𝑥-இல் இரண்டு காரணிகளுமே தேயாதவை. காஸ் 3𝑥 இரண்டு முறை தொகையிட்டால் மறுபடி காஸ் 3𝑥 ஆகிறது, முன்னால் −1/9 என்ற எண்ணோடு. 𝑒^(2𝑥) எப்போதும் 𝑒^(2𝑥). எனவே மூன்றாம் வரிசையில் தொடங்கிய தொகையே திரும்பி வரும் என்று முன்பே சொல்லிவிடலாம்.

+ | 𝑒^(2𝑥) | காஸ் 3𝑥
− | 2𝑒^(2𝑥) | (சைன் 3𝑥)/3
+ | 4𝑒^(2𝑥) | −(காஸ் 3𝑥)/9

தொகையை 𝐼 என்று அழைத்தால், மூன்றாம் வரிசையின் நேர்ப்பெருக்கம் −(4/9) 𝐼. ஆகவே,

𝐼 = 𝑒^(2𝑥)(சைன் 3𝑥)/3 + 2𝑒^(2𝑥)(காஸ் 3𝑥)/9 − (4/9) 𝐼

𝐼 உள்ளவற்றை இடப்பக்கம் கொண்டுவந்தால் (13/9) 𝐼. விடை 𝑒^(2𝑥)(2 காஸ் 3𝑥 + 3 சைன் 3𝑥)/13 + 𝐶. வகுக்கும் எண் 13 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 2² + 3². இப்படிப்பட்ட எந்தக் கணக்கிலும் அடுக்கின் கெழு வர்க்கமும் கோணத்தின் கெழு வர்க்கமும் கூடி வகுக்கும் எண்ணாக வரும். உங்கள் விடையில் வேறு எண் இருந்தால் எங்கோ குறி தவறியிருக்கிறது.

திரும்பி வரும் 𝐼-யின் கெழு +1 ஆக இருந்தால் இந்த வழி பலிக்காது. ∫ (1/𝑥) 𝑑𝑥-இல் 𝑢 = 1/𝑥, 𝑑𝑣 = 𝑑𝑥 என்று வைத்துப் பாருங்கள். 𝑢𝑣 = 1. மிச்சத் தொகை + ∫ (1/𝑥) 𝑑𝑥. அதாவது 𝐼 = 1 + 𝐼. இரண்டு பக்கமும் 𝐼-ஐ அடித்தால் 0 = 1! கணிதம் உடைந்துவிடவில்லை. வரையறாத தொகை என்பது ஒரு மாறிலி கூடக் குறைய இருக்கக்கூடிய ஒன்று. இடப்பக்க 𝐼-உம் வலப்பக்க 𝐼-உம் 1 என்ற மாறிலியால் வேறுபடுகின்றன. எல்லைகளைப் போட்டால் அந்த 1, மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் 1 ஆகவே இருந்து கழிபட்டுப் போகும். மாறிலியை மறந்தால் அரை மதிப்பெண்தான் போகும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவது நல்லது.

இரண்டு வகையும் கலந்து வருவதும் உண்டு. ∫ 𝑥 𝑒^𝑥 காஸ் 𝑥 𝑑𝑥-இல் மூன்று காரணிகள். 𝑥 மட்டுமே தேயக்கூடியது. அதை வகையிடும் பத்தியில் வைத்து, 𝑒^𝑥 காஸ் 𝑥-ஐ ஒரே துண்டாகத் தொகையிடும் பத்தியில் வையுங்கள். அதன் தொகை, மேலே கண்ட வழியில், 𝑒^𝑥(காஸ் 𝑥 + சைன் 𝑥)/2. அதன் அடுத்த தொகை ½ 𝑒^𝑥 சைன் 𝑥. ஆக விடை ½ 𝑥 𝑒^𝑥(காஸ் 𝑥 + சைன் 𝑥) − ½ 𝑒^𝑥 சைன் 𝑥 + 𝐶. மூன்று காரணிகளைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

படி குறைந்து வருவது

0 முதல் π/2 வரை சைன்^𝑛 𝑥-இன் தொகையை 𝐼ₙ என்போம். ஒரு சைனை மட்டும் பிரித்தெடுத்துத் தொகையிடும் பக்கம் வைத்து, சைன்^(𝑛−1) 𝑥-ஐ வகையிடுங்கள். எல்லைகளில் 𝑢𝑣 பூச்சியம். மிச்சத்தில் காஸ்² 𝑥 வரும்; அதை 1 − சைன்² 𝑥 என்று எழுதினால் 𝐼ₙ = (𝑛 − 1)(𝐼ₙ₋₂ − 𝐼ₙ). இதிலிருந்து,

𝐼ₙ = ((𝑛 − 1)/𝑛) 𝐼ₙ₋₂

ஒரே சுற்று, ஆனால் இனி எந்தப் படி வந்தாலும் இறங்கிவிடலாம். 𝐼₆ = (5/6)(3/4)(1/2)(π/2) = 5π/32. ஒற்றைப் படையில் கடைசிப் படி 𝐼₁ = 1 என்பதால் π வராது: 𝐼₇ = (6/7)(4/5)(2/3) = 16/35. இரட்டைக்கும் ஒற்றைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நெருக்கிப் பிடித்தால், π/2-ஐ (2/1)(2/3)(4/3)(4/5)(6/5)(6/7)… என்று பெருக்கமாக எழுதலாம். ஜான் வாலிஸ் 1656-இல் இந்தப் பெருக்கத்தை வெளியிட்டபோது நியூட்டனின், லைப்னிட்ஸின் நுண்கணிதம் பிறக்கவில்லை. அவர் ஊகித்துச் சென்ற இடத்துக்கு நாம் ஒரு படிக்குறைப்புச் சூத்திரத்தோடு போகிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் வரும் காமா தொகையும் இதே வகைதான். 0 முதல் முடிவிலி வரை 𝑥^𝑛 𝑒^(−𝑥)-ஐத் தொகையிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் எல்லை உறுப்பு பூச்சியமாகி, 𝑛, 𝑛 − 1, 𝑛 − 2 என்று எண்கள் வெளியே வந்து, கடைசியில் 𝑛! கிடைக்கும்.

அட்டவணை நிறுவிய ஒரு பெரிய முடிவு

பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் என்னால் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. π ஒரு பின்னம் அல்ல, விகிதமுறா எண் என்பதை முதலில் நிறுவியவர் லாம்பர்ட். பதினெட்டாம் நூற்றாண்டில், தொடர் பின்னங்களைக் கொண்டு. ஐவன் நிவன் 1947-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் அதற்கு ஒரே பக்கத்தில் ஒரு நிறுவலை வெளியிட்டார். அதன் உயிர்நாடி, இந்த அத்தியாயத்தின் முதல் கணக்கில் சைனோடு நாம் சுற்றுச் சுற்றாகச் செய்ததன் அட்டவணை வடிவம்.

π = 𝑎/𝑏 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்; 𝑎, 𝑏 மிகை முழு எண்கள். 𝑓(𝑥) = 𝑥^𝑛 (𝑎 − 𝑏𝑥)^𝑛 / 𝑛! என்ற பல்லுறுப்புக் கோவையை எடுத்து, 0 முதல் π வரை 𝑓(𝑥) சைன் 𝑥-ஐத் தொகையிடுவோம். வகையிடும் பத்தியில் 𝑓, 𝑓′, 𝑓″ என்று போய் ஒரு கட்டத்தில் பூச்சியம். வலப் பத்தியில் −காஸ், −சைன், காஸ், சைன் என்று சுழற்சி. எல்லைகள் 0-உம் π-உம் என்பதால் சைன் வரும் உறுப்புகள் எல்லாம் உதிரும். மிஞ்சுவது 𝐹 = 𝑓 − 𝑓″ + 𝑓⁗ − … என்ற கோவையின் இரு முனை மதிப்புகள்: தொகை = 𝐹(0) + 𝐹(π).

𝑓-இன் எந்த வகைக்கெழுவும் 𝑥 = 0-இல் முழு எண்ணாகவே இருக்கும். 𝑛-க்குக் குறைந்த வரிசை வகைக்கெழுக்கள் அங்கே பூச்சியம். அதற்கு மேற்பட்டவற்றில் வெளிவரும் காரணீயப் பெருக்கம் கீழே உள்ள 𝑛!-ஐ அடித்துவிடும். π = 𝑎/𝑏 என்று கொண்டதால் 𝑓(π − 𝑥) = 𝑓(𝑥); எனவே π-இலும் அதே கதை. ஆகத் தொகை ஒரு முழு எண். ஆனால் 0-க்கும் π-க்கும் இடையே 𝑓(𝑥) சைன் 𝑥 மிகை மதிப்புடையது, π^𝑛 𝑎^𝑛/𝑛!-ஐ விடச் சிறியது. 𝑛-ஐப் பெரிதாக்கினால் 𝑛! மற்றதை எல்லாம் விழுங்கி, தொகை 0-க்கும் 1-க்கும் இடையே வந்துவிடும். 0-க்கும் 1-க்கும் இடையே முழு எண் ஏது? எனவே π ஒரு பின்னமாக இருக்க முடியாது.

முடிவில்லாமல் நீள்வது

∫ (𝑒^𝑥/𝑥) 𝑑𝑥-க்குப் பழகிய சார்புகளில் விடை இல்லை. இந்த வகைக் கேள்விகளை 1830-களில் முறையாக ஆராய்ந்தவர் லியூவில். இருந்தும் 1/𝑥-ஐ வகையிட்டு 𝑒^𝑥-ஐத் தொகையிட்டுக்கொண்டே போகலாம். கிடைப்பது:

(𝑒^𝑥/𝑥)(1 + 1!/𝑥 + 2!/𝑥² + 3!/𝑥³ + …)

இது எந்த 𝑥-க்கும் குவியாத தொடர். ஆனாலும் பயனற்றது அல்ல. 𝑥 = 10 என்று போட்டால் அடைப்புக்குள் 1, 0.1, 0.02, 0.006, 0.0024 என்று உறுப்புகள் சிறுத்துக்கொண்டே வரும். ஒன்பதாவது படியில் 9!/10⁹ = 0.00036288, பத்தாவதும் அதுவே. பதினொன்றாவதிலிருந்து பெருக்கத் தொடங்கிவிடும். ஆகவே உறுப்புகள் சிறுத்துவரும்வரை கூட்டி, பெருக்கத் தொடங்குமுன் நிறுத்தினால் நல்ல தோராய மதிப்பு கிடைக்கும். நிறுத்திய வரிசையின் நேர்ப்பெருக்கத் தொகை எவ்வளவு பெரியது என்று மதிப்பிட்டால், விடை எவ்வளவு நம்பகமானது என்பதும் கையில் இருக்கும். பரீட்சைக் கணக்கில் இப்படிப்பட்ட தொகை எதிர்ப்பட்டால், பெரும்பாலும் பக்கத்தில் இன்னொரு துண்டு இருந்து இதை அடித்துவிடும்படி கணக்கை அமைத்திருப்பார்கள், அதைத் தேடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒவ்வொன்றிலும் கணக்கு எப்படி முடியும் என்பதை முதலில் ஓரத்தில் எழுதிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

∫ 𝑥² 𝑒^(−3𝑥) 𝑑𝑥. விடை: −𝑒^(−3𝑥)(9𝑥² + 6𝑥 + 2)/27 + 𝐶. எல்லா உறுப்பிலும் ஒரே குறி வருவதற்குக் காரணம் என்ன என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

∫ 𝑒^(−𝑥) சைன் 2𝑥 𝑑𝑥. விடை: −𝑒^(−𝑥)(சைன் 2𝑥 + 2 காஸ் 2𝑥)/5 + 𝐶.

∫ 𝑥³ (லாக் 𝑥)² 𝑑𝑥. இரண்டு அட்டவணைகள் தேவைப்படும். விடை: 𝑥⁴(8(லாக் 𝑥)² − 4 லாக் 𝑥 + 1)/32 + 𝐶.

0 முதல் π/2 வரை சைன்⁸ 𝑥. மேலே கண்ட 𝐼₆-இலிருந்து ஒரே பெருக்கலில் வரும். விடை: 35π/256.

∫ 𝑥 𝑒^𝑥/(1 + 𝑥)² 𝑑𝑥. ஐலேட் இங்கே உதவாது. 1/(1 + 𝑥)²-ஐத் தொகையிட்டு 𝑥 𝑒^𝑥-ஐ ஒரே துண்டாக வகையிடுங்கள். விடை: 𝑒^𝑥/(1 + 𝑥) + 𝐶.